அறுத்து ஒட்டிய ஹேண்டல்

காய்ச்சல் விட்டும் உடம்பு தேறாததால் அந்த வாரம் நான் பேக்டரி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். புதன்கிழமை பிற்பகல் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு கேட்டைத் திறந்தபோது, போர்ச்சில் நின்ற என் மோட்டார் சைக்கிளை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. முன்பக்கத்தை யாரோ கழுத்தைப் பிடித்து அமுக்கியதுபோல் இருந்தது. ஹேண்டலை மூடியிருந்த பிளாஸ்டிக் கவரைக் காணோம். இரண்டு பக்கமும் அகலமாக விரிந்திருந்த ஹேண்டலை அறுத்து, குட்டையாக்கி, கீழே இறக்கி ஒட்டியிருந்தார்கள். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுவரோரம் கிடந்தன. வயர்களோடு துருத்திக்கொண்டிருந்த மீட்டர், தோலுரித்த கோழித் தலையை ஞாபகப்படுத்தியது.

என் கொழுந்தன், என் கணவரின் தம்பி, கையில் துணியோடு பக்கத்தில் நின்றான். முப்பத்து நான்கு வயது. வேலை போய் எட்டு மாதமாக எங்கள் வீட்டு முன்கூடத்துச் சோபாவில்தான் குடியிருந்தான்.

"எப்படி அண்ணி? இப்பதான் மோட்டார் மாதிரி இருக்கு லா."

"யாரைக் கேட்டு செஞ்ச?"

"சர்ப்ரைஸ் கொடுக்கலாம்னு பாத்தேன். அண்ணன் பாத்துட்டாரு. ஓகேன்னாரு."

அன்றைக்கு லீவில் இருந்த என் கணவர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு," என்றார். சொல்லிவிட்டு டிவிக்குத் திரும்பிவிட்டார்.

அது என் மோட்டார். நம் ஊரில் கப்சாய் என்று சொல்கிற சின்ன மோட்டார்தான், பெரிய அழகு ஒன்றுமில்லை. செங்கில் ஒரு பேக்டரியில் பெட்டி மடிக்கிற பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்து, ஓவர்டைம் செய்து, என் பெயரில் வாங்கியது. புக்கிட் ரம்பாயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே வேலைக்குப் போவேன். முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. நாள் முழுக்க அட்டைப் பெட்டி மடித்த மணிக்கட்டுக்கு அந்த அகலமான ஹேண்டல்தான் தோதாக இருந்தது.

அன்றைக்கே நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ரேஸ் மோட்டார் ஆயிருச்சா?" என்று கேட்டபோது அரைகுறையாகச் சிரித்து வேறு வைத்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கிறது.

எங்கே அறுத்தான் என்று பிறகு தெரிந்தது. அண்ணனும் தம்பியும் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் அவனுடைய பழைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான். செம்பனைக் குலை தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டிகளுக்கு வெல்டிங் அடிப்பது அவன் தொழில். குலை வண்டிக்கு அடிக்கிற அதே கையால் என் ஹேண்டலுக்கும் அடித்திருந்தான். ஒட்டிய இடம் கோழி எச்சம் சொட்டுச் சொட்டாக விழுந்து காய்ந்தது மாதிரி இருந்தது. அதன் மேல் கறுப்புச் சாயம்.

உடம்பு முழுக்கத் தேறியதும் மறுபடியும் மோட்டாரில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அந்தக் குட்டை ஹேண்டலைப் பிடிக்க முன்னால் கவிழ்ந்து, முழங்கையை விலாவோடு ஒடுக்கிக்கொள்ள வேண்டும். நாற்பத்தோரு வயதுப் பொம்பளை, பேக்டரி சட்டையும் தலைக்கவசமுமாகக் கவிழ்ந்து போவது பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. செங் சிக்னலில் பக்கத்தில் நின்ற வேனிலிருந்து ஒருவன் என் பின்பக்கத்தைப் பார்த்து ஏதோ சொல்ல, உள்ளே நாலு பேர் சிரித்தார்கள். பச்சை விழும்வரை அந்தப் பார்வை எச்சில் மாதிரி முதுகில் ஒட்டியிருந்தது. கண்ணாடி இரண்டையும் நானே தேடி மாட்டினேன். ஹேண்டலில் இடமில்லாததால் அவை என் முழங்கையைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

பிடியின் ரப்பரும் பழையது, எங்கோ கழற்றி வந்து மாட்டியது. அடுத்தவன் கை வியர்வை ஊறி, வெயில் ஏறியதும் பிசுபிசுவென்று உருகும். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் கழிப்பறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். விரலிடுக்கில் கறுப்புப் போகாது. அந்தக் கையால் எப்படிச் சாப்பிடுவது? கரண்டி கொண்டு போக ஆரம்பித்தேன்.

சனி, ஞாயிறுகளில் கொழுந்தன் அதை எடுத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங் பக்கம் கடலோர ரோட்டுக்குப் போவான். அவனைப் போலவே வேலை வெட்டி இல்லாத ஏழெட்டுப் பேர் வரிசையாக மோட்டார்களை நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஒரு நாள் என் மகள் போனைக் காட்டினாள். கடலுக்கு முன்னால் என் மோட்டார். மேலே உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியோடு அவன். கீழே 'என் செல்லம்' என்று எழுதியிருந்தான்.

"உங்க மோட்டார்தானம்மா இது?" என்றாள் மகள்.

"ஆமா."

"அப்போ ஏன் சித்தப்பா அவரோடதுன்னு போட்டிருக்காரு?"



இப்படி இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போர்ச்சிலிருந்து சாயம் அடிக்கிற வாடை வீட்டுக்குள் வந்தது. துணி எடுக்கப் போனவள் பார்த்தேன். கொழுந்தன் ஹேண்டலுக்கு மறுபடியும் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தான். மற்ற இடத்தில் படாமலிருக்க என் கணவர் பழைய பேப்பரை விரித்துத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பூ வேலை செய்கிற மாதிரி அவ்வளவு கவனம் இருவர் முகத்திலும். என் மகளின் பள்ளிச் சீருடை முழுக்க அந்த வாடை. திட்டிவிட்டு, அதை மறுபடியும் தோய்த்துப் போட்டேன்.

அன்றிரவு சாப்பிடும்போது என் கணவர், "நாளையிலேருந்து புள்ளைய நான் கார்ல விட்டுட்டுப் போறேன்," என்றார்.

எனக்கு ஆச்சரியம். அவர் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பார்க்கிறவர். மகளின் பள்ளிக்கூடம் அவருக்கு எதிர்த்திசை. எத்தனையோ மழை நாளில் நான் கெஞ்சியிருக்கிறேன், 'லேட்டாயிரும்' என்று தட்டிக் கழித்தவர்.

"என்ன திடீர்னு?"

"பாவம், நீயும்தான் எத்தன வேலை பாப்ப?"

நான் உருகிப் போனேன். மறுநாள் சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்யும் இரண்டு பேரிடம் சொன்னேன். "பரவால்லயே, பொண்டாட்டி மேல இப்பதான் பாசம் வந்திருக்கு," என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். நான் வெட்கப்பட்டேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவர் மகளை ஏற்றிக்கொண்டு காரில் போவதை கேட் அருகில் நின்று பார்த்துவிட்டு, என் மோட்டாரில் கவிழ்ந்து உட்கார்ந்து நான் கிளம்பினேன். வியாழக்கிழமை அவருக்குப் பிடித்த மீன் சம்பல் செய்து டப்பாவில் கட்டிக் கொடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் பேக்டரி கேட்டைத் தாண்டி, ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கும் வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கினேன். 'கடக்' என்று ஒரு சத்தம். வலது கைப்பிடி அப்படியே தொங்கிவிட்டது. கை அதோடு கீழே போனதில் எண்ணெய் கொடுக்கிற பிடி தானாக முறுக்கிக்கொண்டு எஞ்சின் உறுமியது. வண்டி ஒரு துள்ளு துள்ளிப் புல்லுக்குள் பாய்ந்து சாய்ந்தது. நான் முட்டியில் விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்த லாரி பிரேக் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து முதலில் எஞ்சினை அணைத்தார். பிறகு என்னைத் தூக்கி உட்கார வைத்தார். முட்டி கிழிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. மேட்டுக்காக வேகத்தைக் குறைத்திருந்தேன், அதனால் பிழைத்தேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மோட்டார் கடை. லாரிக்காரரும் நானுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் என் வயதுதான் இருப்பார். வாயில் பல்குச்சி. வண்டியைப் பார்த்ததும் அது வாயிலேயே அசையாமல் நின்றது.

"யாரு அக்கா இத வெட்டுனது?"

"வீட்டுல."

"வீட்டுலயா? மாட்டுக் கொட்டாயிலன்னு நெனச்சேன்."

ஸ்க்ரூ டிரைவரால் ஒட்டிய இடத்தைச் சுரண்டினார். கறுப்புச் சாயம் செதில் செதிலாக வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசியிருந்தது. நகத்தால் கிள்ளினார். சோப்பு மாதிரி பெயர்ந்தது.

"இது புட்டி, அக்கா. காரு அடிபட்டா நசுங்குன எடத்துல பூசுவாங்கல்ல, அதான். இங்க ஏன் பூசியிருக்கு?" முறிந்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி என்னிடம் காட்டினார். "பாருங்க. இந்தப் பாதி பளபளன்னு இருக்கு, இது இன்னிக்கு முறிஞ்சது. இந்தப் பாதி துரு ஏறியிருக்கு. இது மொதல்லயே வெடிச்சிருக்கு. வெடிச்சத யாரோ பாத்துட்டு, மறைச்சுப் பூசி, மேல சாயம் அடிச்சிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை போர்ச்சில் அடித்த சாய வாடை மூக்குக்கு வந்தது. பேப்பரை விரித்துப் பிடித்திருந்த கை. 'புள்ளைய நான் கார்ல விட்டுட்டுப் போறேன்.' ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து உட்கார்ந்தன. கடைக்குப் பின்னால் இருந்த கால்வாயோரம் போய் வாந்தி எடுத்தேன். விழுந்த அதிர்ச்சி என்று நினைத்துக் கடைக்காரர் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாக்கா?"

"வேணாம். அந்தத் துண்ட மட்டும் எனக்கு அறுத்துக் கொடுங்க."

பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வாடகைக் காரில் வீட்டுக்குப் போனேன்.

கொழுந்தன் சோபாக் கைப்பிடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மோர் நிறத்தில் வெடித்த அவன் பாதங்கள் நான் தோய்த்துப் போட்ட உறையின் மேல். பேப்பரைப் பிரித்து அந்தத் துண்டை அவன் வயிற்றின் மேல் வைத்தேன்.

"ஐயோ, என்ன அண்ணி இது?"

"நீ பூசுனதுதான். தெரியலயா?"

எழுந்து உட்கார்ந்தான். என் முட்டியைப் பார்த்தான். மீ வாயிலிருந்து தொங்கியது. அதை உறிஞ்சி இழுத்துவிட்டுத்தான் பேசினான்.

"லேசா ஒரு கோடுதான் அண்ணி இருந்துச்சு. கூட்டாளி வர்ற ஞாயித்துக்கிழமை திரும்ப வெல்டிங் அடிச்சித் தரேன்னான். ஒரு வாரந்தானே தாங்கும்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன்தான் சொல்ல வேணான்னாரு. நீங்க சத்தம் போடுவீங்கன்னு."

"ஞாயித்துக்கிழமைலேருந்து நீ இத எடுத்தியா?"

அவன் தட்டைப் பார்த்தான். மோட்டாரை அவன் எடுக்கவே இல்லை. அந்த வாரம் ஒரு நாள் சிகரெட் வாங்கக்கூட அவன் நடந்தே போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆறு மணிக்கு என் கணவர் வந்தார். கையில் நான் காலையில் கொடுத்த சம்பல் டப்பா, சுத்தமாக வழித்துச் சாப்பிட்டது. மகள் மேலே அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"புள்ளைய ஏன் கார்ல கொண்டுபோனீங்க?"

மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

"அடி எதுவும் பலமா படலயே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரெண்டு பேர் கனம் தாங்காதோன்னு ஒரு பயம்..."

"ஒருத்தி கனம் தாங்கும். அப்படித்தானே?"

"நீ மெதுவாத்தானே ஓட்டுவ."

அவ்வளவுதான். பதினேழு வருடம் கூட வாழ்ந்தவர், யோசித்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அது. கோபம் வந்திருந்தால் பாத்திரத்தையாவது எறிந்திருப்பேன். கோபம் வரவில்லை. குளிக்கப் போகும் இடத்தில் அடுத்தவர் முடிக்கற்றை காலில் சுற்றிக்கொண்டால் உடம்பு ஒரு முறை கூசுமே, அந்தக் கூச்சம்தான் வந்தது. அது போகவும் இல்லை. அவர் மூச்சு விடுவதும், விரல் நகத்தில் சம்பல் எண்ணெய் மஞ்சளாக நிற்பதும், கழுத்து மடிப்பில் வியர்வை கோடாக ஊறுவதும் எல்லாம் தனித்தனியாகக் கண்ணில் பட்டன. அன்றிரவு மகளின் அறையில் போய்ப் படுத்தேன். மறுநாள் காலை, ஒரே குவளையில் அவருடைய பிரஷ்ஷோடு ஒட்டி நின்ற என் பிரஷ்ஷைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது எடுத்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி. விடுப்பு இரண்டு நாளில் ஒரு நாள் அந்த மோட்டார் கடையில் போனது. கடைக்காரர் வெட்டிய ஹேண்டலை முழுக்கக் கழற்றிப் போட்டிருந்தார். ரப்பர் பிடியைக் கத்தியால் கீறி உரித்தபோது உள்ளே கறுப்புக் கூழ் மாதிரி அழுக்கு, அதில் செத்து ஒட்டிய எறும்புகள். இரண்டு மாதம் நான் பிடித்துக்கொண்டு போனது அதைத்தான்.

"பழைய மாதிரியே போட்டுறவாக்கா?"

எனக்குப் பழையதும் வேண்டாம் என்று தோன்றியது. "இதவிடக் கொஞ்சம் ஒசரமா, அகலமா கெடைக்குமா? கைமணிக்கட்டு வலிக்குது."

"வெல்டிங் பண்ணமாட்டேன்."

"பண்ணாதீங்க. பண்ணா நான் ஏறமாட்டேன்."

பல்குச்சியைக் கடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளேபோய்த் தேடி, என் மோட்டார் கம்பெனியே வேறொரு மாடலுக்குச் செய்த ஹேண்டலைக் கொண்டு வந்தார். நட்டுப் போட்டு முறுக்குகிற மாதிரி. சட்டப்படி ஒரு தொந்தரவும் வராது, போலீஸ் நிறுத்தினாலும் பயப்பட வேண்டாம் என்றார். என்னை உட்காரச் சொல்லி, முழங்கை எவ்வளவு மடிகிறது என்று பார்த்தார். ஹேண்டலை ஒரு விரல்கடை பின்னால் சாய்த்தார். மறுபடியும் உட்காரச் சொன்னார். ஹேண்டல் உயர்ந்ததால் பிரேக் கேபிளும் எண்ணெய்க் கேபிளும் எட்டவில்லை. முணுமுணுத்துக்கொண்டே நீளமானதை மாற்றினார். இரண்டு பக்கமும் திருப்பி, கேபிள் இழுபடுகிறதா என்று நாலைந்து முறை சோதித்தார். கண்ணாடியில் எனக்குப் பின்னால் இருந்த ரோடு முழுதாகத் தெரிந்தது. கடைக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். தோள் இறங்கியது, கழுத்து நிமிர்ந்தது. அந்த வாரத்தில் என் உடம்புக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

வீட்டில் கொழுந்தன் அதைப் பார்த்து, "பசார் போற கெழவி மோட்டார் மாதிரி இருக்கு," என்றான். நான் விழுந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். சனிக்கிழமை வந்து சாவி கேட்டான். கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கேட்டான். பிறகு கூட்டாளிகளோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சோபா உறையைத் தோய்த்தேன். தோய்த்தும் அவன் வாடை போகாததால் வீசிவிட்டேன்.

என் கணவர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. வேறு என்னென்னவோ செய்தார். தாமாகவே குப்பை கொண்டுபோய்ப் போட்டார். ரொட்டி சானாய் வாங்கி வந்து என் பக்கம் தள்ளி வைத்தார். மகளைத் தொடர்ந்து காரில் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று, நானே என் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஒரு நாள் மகள் கேட்டாள், "ஏம்மா நீங்க அப்பா குடிச்ச டம்ளர்ல குடிக்கறதே இல்ல?"

"சளி புடிச்சிருக்கு அவருக்கு."

"ஒரு மாசமாவா?"

அவளுக்கு நான் சொல்லவில்லை. அப்பா உன்னைக் காப்பாற்றினார் என்பதுதான் அந்தக் கதையில் அவளுக்கு மிஞ்சும். அதை அவள் எந்த இடத்தில் வைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லாத நேரத்தில் என் மாமியார் போனில் அழைத்து, "ஒரு வெல்டிங்குக்காக குடும்பத்த ஒடைக்காதம்மா," என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, அவருடைய கார் கிளம்பவில்லை. ஹோட்டலில் சரக்கு வருகிற நாள், லேட்டாகக் கூடாது. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு போர்ச்சில் நின்றார்.

"என்னைக் கொஞ்சம் எறக்கிவிட்டுட்டுப் போறியா?"

எனக்கு அன்றைக்கு மாலை ஷிப்ட். நேரம் இருந்தது. ஏறச் சொன்னேன். கடலோர ரோட்டில் காற்று எதிரே அடித்தது. ஒரு வளைவில் வண்டி சாய்ந்தபோது அவர் கை என் இடுப்பைப் பிடித்தது. கல்யாணமான புதிதில் அவர் முன்னால் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து இப்படித்தான் பிடித்திருக்கிறேன். இப்போது சட்டைக்கு மேலே அந்த ஐந்து விரலும் ஈரத் துணி மாதிரி ஒட்டின.

"கைய எடுங்க," என்றேன். "பின்னாடி கம்பி இருக்கு, அதப் புடிச்சிக்குங்க."

காற்றில் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். கேட்டிருக்கிறது. கை போய்விட்டது. ஹோட்டலின் பின்வாசலில் நிறுத்தினேன். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். தலைமுடி கலைந்து, வயதானவராகத் தெரிந்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பாவத்தால் உள்ளே இருந்த கூச்சம் குறையவில்லை.

"நாளைக்குக் காலையிலயும் எறக்கிவிடுறியா?"

"பஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்பினேன்.